என் போனுக்கு வந்த தங்கையின் அனுமதி

வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பதிவு மேசைக்கு நான் பொறுப்பு. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், மஞ்சள் பைக்குள் பழைய ஸ்கேன் படங்களைச் சுருட்டி வைத்திருப்பவர்கள் என்று காலையிலேயே வாசல் நிறைந்துவிடும். அவர்களை வரிசையில் நிறுத்தி, பெயர், வயது, ஊர் கேட்டு, சரியான டாக்டரிடம் அனுப்ப வேண்டும். எனக்குப் பொறுமை குறைவு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் என் மேசையில் வரிசை தேங்காது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

சில வருஷங்களாக அந்த வேலையோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வருகிறவர்களுக்குச் சுகாதார எண் போட்டு, அது அச்சடித்த அட்டையைக் கொடுப்பது. நோயாளியின் சிகிச்சை விவரமெல்லாம் எங்கோ ஒரு பெரிய கட்டிடத்தில் குவிந்து கிடக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த ஆஸ்பத்திரி எழுதியதோ, அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில்தான் அது இருக்கும். சுகாதார எண் அவற்றையெல்லாம் ஒரே ஆளுடையது என்று கோத்து வைக்கும். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால், அவர் கம்ப்யூட்டரில் கேட்பார். கேட்டது நோயாளியின் போனுக்குப் போகும். நோயாளி சரி என்று சொன்ன பிறகுதான் விவரம் அங்கே போய்ச் சேரும். எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது, எந்த வருஷத்திலிருந்து அனுப்பலாம், எத்தனை நாள் அவர் பார்க்கலாம் என்பதையெல்லாம் நோயாளியே தீர்மானிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். மஞ்சள் பை கிழிந்து, பழைய படம் தொலைந்து, அதே ஸ்கேனை மறுபடி எடுக்கிற கொடுமை இதில் இல்லை. இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வருகிறவர்கள் தலையாட்டுவார்கள்.

சிக்கல், ‘நோயாளியின் போன்’ என்கிற இடத்தில்தான் இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் போன் என்பது ஆளுக்கு ஒன்றாக இருப்பதில்லை. இருந்தாலும் எண் ஞாபகம் இருக்காது, சார்ஜ் இருக்காது, பேரப்பிள்ளை அதில் படம் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். “வீட்டுல எப்பமும் சார்ஜ் இருக்குற போன் யாருது?” என்று கேட்பேன். மகனுடையது, புருஷனுடையது, மருமகனுடையது என்று ஒரு பதில் வரும். அந்த எண்ணைப் போட்டுவிடுவேன். வரிசை நகர்ந்துவிடும். ஒரே போனில் ஒரு குடும்பமே அடங்கியிருக்கும். மற்ற மேசைக்காரர்கள் என்னிடம் வந்து இதைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

யார் கையில் போன் இருக்கிறதோ அவர்தான் சரி சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அதைப் பற்றி நின்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்க வைத்தது என் தங்கை.

தங்கையை விக்கிரமசிங்கபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு நூலாலையில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாத மனுஷன். வீட்டில் மாமியார் உண்டு. ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகிற ஆள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது பிரசவத்துக்குத் தங்கையைத் தாங்கித் தாங்கிப் பார்த்தவர் அவர்தான்.

அந்தப் பிரசவத்துக்குப் பிறகுதான் தங்கை மாறிப்போனாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். ஒருநாள் நான் பார்க்கப் போனபோது, குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, “யக்கா, இத நீ கொண்டு போயிரு. எங்கிட்ட இருந்தா நல்லதில்ல” என்றாள். அழவில்லை. துணியை மடித்து வை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

மறுவாரமே, என் வீட்டில் விசேஷம் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவளைத் திருநெல்வேலிக்கு வரவழைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டர் வருவார். அங்கே காட்டவில்லை. அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும், என் தங்கைக்கு இப்படி என்று பேச்சு வரும் என்று பயந்தேன். அவளுக்காகப் பயந்ததாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரின் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், மருந்தில் சரியாகும், ஆனால் பாதியில் நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அங்கே மேசையில் இருந்த பெண், “சுகாதார எண் இருக்கா?” என்று கேட்டாள். இருந்தது. முன்பு ஒருமுறை வயிற்று வலி என்று எங்கள் ஆஸ்பத்திரியில் தங்கைக்கு ஸ்கேன் எடுத்தபோது நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். தங்கையின் போனை மாப்பிள்ளையும் எடுப்பார், அவள் மூத்த மகன் பெரியவனும் எடுப்பான் என்பதால் என் எண்ணைத்தான் அதற்குக் கொடுத்திருந்தேன். கிளினிக்கில் கேட்டதும் அவள் பையிலிருந்து அந்த அட்டையைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். நீட்டாமலும் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்வது நோயாளியின் உரிமை. நோயாளி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து மாதம் ஒருமுறை அக்காளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வருவாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போவேன். திரும்பும்போது அவள் மாமியாருக்கு ஏதாவது பலகாரம் வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். மாத்திரையை ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் மாற்றிவைத்திருந்தாள். கொஞ்ச நாளிலேயே முகம் தெளிந்தது. குழந்தைக்குத் தலை சீவிப் பொட்டு வைத்து போட்டோ எடுத்து அனுப்புவாள். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல் இதைப் பார்த்துக்கொள்வேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளும் நம்பினாள்.

ஒரு திங்கட்கிழமை காலை. எங்களுக்கு வாரத்திலேயே மோசமான நேரம் அதுதான். கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கிறது. ஒரு பெரியவர், தன் முறை போய்விட்டது என்று என் மேசையைக் கைத்தடியால் தட்டிக்கொண்டிருக்கிறார். அப்போது மாப்பிள்ளை கூப்பிட்டார். தங்கைக்கு ராத்திரியிலிருந்து வயிற்று வலி, ஊரிலேயே புதிதாக வந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறோம் என்றார்.

“மதினி, டாக்டர் பழைய ஸ்கேன கேக்காரு. அட்டய காட்டுனோம். ஒங்க போனுக்கு ஏதோ வந்திருக்காம். சரின்னு மட்டும் போட்டுருங்க.”

போனைத் திறந்தேன். அந்த டாக்டரின் பெயர் இருந்தது. சிகிச்சைக்காக என்று காரணம் இருந்தது. கீழே இரண்டு இடங்களின் பெயர்கள். ஒன்று எங்கள் ஆஸ்பத்திரி. இன்னொன்று பாளையங்கோட்டைக் கிளினிக். இரண்டுக்கும் நேராக டிக் விழுந்திருந்தது. வேண்டாததை எடுக்க வேண்டுமென்றால் ‘மாற்று’ என்பதைத் தொட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய், அந்த டிக்கை நீக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்.

பெரியவர் மறுபடியும் தட்டினார். நான் ‘அனுமதி’யை அழுத்தினேன்.

அவசரத்தில் பார்க்கவில்லை என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். நான் பார்த்தேன். கிளினிக்கின் பெயரைப் பார்த்தேன், டிக்கைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். வயிற்று வலிக்கு மருந்து கொடுக்கிற டாக்டருக்கு மற்ற மருந்தும் தெரிந்தால் நல்லதுதானே என்று ஒரு நியாயம் உடனே மனசுக்குள் ஓடியது. அது பொய்யும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. மாதாமாதம் பொய் சொல்லி, பலகாரம் வாங்கி, மாமியார் போனில் விசாரிக்கும்போதெல்லாம் குரலை இனிப்பாக்கி எனக்கு அலுத்துப்போயிருந்தது. தெரிந்தால்தான் தெரியட்டுமே என்று ஒரு நொடி நினைத்தேனா? நினைக்கவில்லை என்று சாமி முன்னால் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

டாக்டர் மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்தேனாம். எந்த ஊரில்? எங்கள் பக்கத்தில் எந்த நோயாளி தனியாக டாக்டர் அறைக்குள் போயிருக்கிறார்? நோயாளியோடு ஒருவர் மட்டும் போங்கள் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். ஒருவருக்கு நால்வராக உள்ளே போவார்கள். டாக்டர் கேட்கிற கேள்விக்கு நோயாளியைத் தவிர எல்லோரும் பதில் சொல்வார்கள்.

அன்றும் அப்படித்தான். தங்கை படுக்கையில், தலைமாட்டில் மாமியார், கால்மாட்டில் மாப்பிள்ளை. டாக்டர் இளம்வயசுக்காரர். திரையைப் பார்த்துக்கொண்டே, தப்பான எண்ணம் எதுவும் இல்லாமல், மனநலத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையை இப்போதும் சாப்பிடுகிறீர்களா, அளவு குறைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்கத்தான் வேண்டும். அதோடு சேராத வலி மருந்துகள் உண்டு. தங்கை பதில் சொல்லவில்லையாம். அது வேற ஆளோட விவரமா இருக்கும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். டாக்டர் பெயரையும் வயதையும் வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டார். பித்தப்பையில் சின்னக் கல், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு கேட்டார்.

“மதினி, ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“எது தம்பி?” என்றேன்.

அதைச் சொல்லும்போது என் குரல் இயல்பாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் விவரத்தைச் சொன்னார். நான் புதிதாகக் கேட்பதுபோல, அப்படியா, அப்படியா என்றேன். பாளையங்கோட்டைக்கு யாரோடு போனாள் என்று ஒன்றும் புரியவில்லை மதினி என்றார். எனக்கும் புரியவில்லை என்றேன்.

ராத்திரி முழுக்கத் தங்கை கூப்பிடுவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. மறுநாள் போனை எடுத்து, கொடுத்த அனுமதியை ரத்து செய்தேன். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரத்து செய்தால் அந்த டாக்டரின் திரையிலிருந்து விவரம் போய்விடும். மாமியாரின் காதிலிருந்து போகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கொதிக்கிற வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். மாமியார் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார வைத்து, காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஒன்னயும்லா ஏமாத்தியிருக்கா. ஒன்னய பாக்க வாரேன்னு சொல்லிட்டு அங்கன போயி மருந்து வாங்கியிருக்கா. கேட்டா, அக்காளுக்கு ஒண்ணும் தெரியாது, நாந்தான் தனியா போனேன்னு சொல்லுதா. நீ என்னம்மா செய்வ, வெள்ளந்தியா இருந்துட்ட.”

நான் தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையிடம் நழுவிய அன்று, அவளும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அக்காளின் பெயர் அந்த வீட்டில் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக அவள் பொய் சொன்னாள். நான் சொன்ன பொய் என்னைக் காப்பாற்றிக்கொள்ள. இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தி, திருடி என்கிற பட்டம் அவள் ஒருத்தி தலையில் ஏறியிருந்தது.

அந்த இடத்தில், அத்தை, எனக்கும் தெரியும், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி என்றுகூடச் சொன்னேன்.

மாமியார் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. தங்கையைத் தாங்கிப் பார்த்துக்கொண்டார். அதுதான் கொடுமை. நான் என்ன பேயா, நோவுன்னு சொன்னா பாக்க மாட்டேனா என்று என்னிடமே ஆற்றாமையோடு கேட்டார். வைட்டமின் டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். மாத்திரையை அவரே கையில் எடுத்துக் கொடுப்பார். குழந்தை அவர் பக்கத்தில்தான் தூங்கியது. தங்கை பாபநாசத்துக்கு ஆற்றில் குளிக்கப் போனால் துணைக்கு ஒரு ஆள் போகும். அடுத்த தெருக்காரர்கள், உடம்பு இப்ப எப்படியிருக்கு என்று தங்கையிடம் பைய, பதமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். பித்தப்பைக் கல்லை யாரும் அவ்வளவு பதமாகக் கேட்பதில்லை.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை தங்கை வந்தாள். கூடவே மாமியார் பெரியவனையும் அனுப்பிவைத்தார். அவன் முன்னால் ஓடிய நேரத்தில்தான் எங்களுக்குப் பேச முடிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கூட்டமாக இருந்தது, ஒரு கிழவர் தட்டிக்கொண்டே இருந்தார் என்று ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள்.

“அட்டய கேட்டப்ப எனக்கு ஒரு பயமும் இல்லக்கா. ஒம்போனுக்குத்தான வரும், நீ பாத்து அனுப்புவன்னு நெனச்சேன். அதான் நானே எடுத்துக் குடுத்தேன்.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே மறுபடி சொன்னாள்.

“நான் கோவப்பட்டா, இன்னைக்கு மாத்திர போட்டியான்னு கேக்காங்க. சிரிச்சாலும் அதையேதான் கேக்காங்க. பிள்ளைக்கு இந்தச் சட்ட வேண்டாம், அந்தச் சட்ட போடுங்கன்னு சொன்னாக்கூட, நோவுதான் பேசுதுன்னு நெனைக்காங்க. அந்த மாத்திரயப் பாத்தாலே எனக்கு இப்ப வெறுப்பா இருக்கு.”

நிறுத்திவிடாதே ஏட்டி, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்லா என்றேன். அவங்கதான் கையில குடுக்காங்களே என்றாள். நீ முழுங்குதியா என்று நான் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அவள் வண்ணார்பேட்டைக்கு வந்தாள். மற்றவர்களோடு வரிசையில் நின்றே என் மேசைக்கு வந்தாள். புதிதாக ஒரு போன் வைத்திருந்தாள். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததாம். சுகாதார எண்ணில் என் எண்ணை எடுத்துவிட்டு அவள் எண்ணைப் போட வேண்டும் என்றாள். நான் செய்து கொடுத்தேன். என் போனுக்கு வந்த ரகசிய எண்ணை வாசித்தேன், அவள் தன் போனுக்கு வந்ததை வாசித்தாள். பக்கத்து மேசைப் பெண்கள் எங்களை அக்கா தங்கை என்று நினைத்திருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டைக்கு இனிமேல் போகப்போவதில்லை, வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எங்கே என்று நான் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து, எப்பமும் சார்ஜ் இருக்குற போன் எது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. உங்க நம்பர் என்ன, அது உங்க கையில இருக்குமா என்று கேட்கிறேன். என் மேசையில் இப்போது வரிசை தேங்குகிறது. இதனால் என் மனசு லேசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருஷமாக நான் பதிந்த பெண்களின் விவரமெல்லாம் யார் யார் போனிலோ கிடக்கிறது. அவர்களைத் தேடிப்போய் மாற்றிக் கொடுக்க என்னால் ஆகாது.

மாதங்கள் போயின. தங்கை போனில் பேசுவாள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள், மழையைப் பற்றிச் சொல்வாள். மருந்தின் பக்கம் பேச்சு திரும்பினால், போன வச்சிருதேன்க்கா என்பாள். மாமியாரிடம் விசாரித்தால், நான்தானம்மா கையில குடுக்கேன் என்பார். கையில் கொடுத்தது வயிற்றுக்குள் போகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? போன மாதம் தங்கையின் குரல் ஒருநாள் தட்டையாக இருந்தது. அன்று குழந்தையை என் மடியில் போட்டபோது பேசினாளே, கிட்டத்தட்ட அந்தக் குரல். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலையில் இருந்தபோது, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். எங்கள் டாக்டர் ஒருவரின் பெயரில், சிகிச்சைக்காக என்று காரணம் போட்டு, தங்கையின் சுகாதார எண்ணுக்கு ஒரு கோரிக்கை அனுப்பினேன். எந்த டாக்டரைப் பார்க்கிறாள், என்ன மருந்து எழுதியிருக்கிறார்கள், கடைசியாக எப்போது போனாள் என்பது தெரிந்தால் போதும் என்று இருந்தது. பிடிபட்டால் வேலை போகும். அதைவிட, அவளிடம் ஒருமுறை செய்ததை இன்னொரு விதமாக மறுபடியும் செய்கிறேன் என்பது அனுப்பும்போதே தெரிந்திருந்தது. இந்த முறை என்னைத் தட்டி அவசரப்படுத்த எந்தக் கிழவரும் எதிரில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் திரையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தது. உடனே போனும் அடித்தது.

“ஒங்க ஆஸ்பத்திரி பேரு வந்துச்சு, நீதான்னு தெரியும்க்கா. வேண்டாம்னு போட்டுட்டேன். கோவிச்சுக்கிடாத.”

கோபித்துக்கொள்ளாதே என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் மேசையை விட்டு எழுந்து மாடிப்படிக்கு அடியில் போய் நின்றேன். அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாயா, அதை மட்டும் சொல்லிவிடு, வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டது, அதற்குப் பதில் சொன்னாள். பிறகு மறுபடி என்னிடம் பேசினாள்.

“சொல்லுதேன். அதுக்கு முன்னாடி நீ எங்க அத்தைக்கு ஒரு போன் போடு. எனக்கும் தெரியும், நாந்தான் கூட்டிட்டுப் போனேன், என் போன்லேருந்துதான் எல்லாம் போச்சுன்னு சொல்லு. இந்த வீட்டுல கள்ளி நான் ஒருத்திதான்னு இருக்கேன்க்கா. நீயும் பக்கத்துல வந்து நின்னா, எனக்கு எதையும் மறைக்கணும்னு இருக்காது. ஒங்கிட்டயும் சொல்லிருவேன்.”

இன்றைக்கே சொல்லுகிறேன் என்றேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. உண்மை தெரிந்தால் தங்கையை என் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அவள்தான் வருவதே இல்லையே. வெள்ளந்தி, நல்ல அக்கா என்று அந்த ஒரு வீட்டிலாவது எனக்கு இருக்கிற பெயரை விட மனசு வரவில்லை. வேறு எதுவும் இல்லை. மாமியார் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். சாப்பிட்டாயா, கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நான் இனிப்பாகப் பதில் சொல்கிறேன். பின்னால் தங்கையின் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, அவரிடம் கீரை விலையைப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

அவள் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.